இடதுகைக்காரனுக்கு ஒரு ஹோல்டர்

இல்ல தம்பி, அங்க வேணாம். படகு விளிம்புல அங்க ஓட்டை போட்டா துடுப்பு இடிக்கும். வேணும்னா இந்தப் பலகையில உக்காந்து, துடுப்பு போடற மாதிரி கையை வீசிப் பாரு. ஆங். முழங்கை எங்க வருது பாத்தியா? அங்க குழாய் நீட்டிக்கிட்டு நின்னுச்சுன்னா ஒவ்வொரு தடவையும் முட்டிக்கிட்டேதான் போகணும். ஒரு சாண் பின்னால தள்ளு. இன்னும் கொஞ்சம். அங்கதான். பென்சில்ல குறி மட்டும் போடு, டிரில்ல இன்னும் எடுக்காத.

உனக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா வீட்ல இருக்கற மனுசனை இழுத்துட்டு வந்துட்டேன். எனக்கு ஞாயித்துக்கிழமை விட்டா வழி இல்ல. ஏன்னு சொல்றேன். மொதல்ல அந்தப் பெட்டியத் திற, தூண்டில் கம்பு ஹோல்டரு என்னென்ன கொண்டாந்திருக்கன்னு பாப்போம்.

இந்த பிளாஸ்டிக்கு வேணாம். ரெண்டு வெயில் பாத்தா வெளுத்துப்போயி, பிஸ்கட்டு மாதிரி நொறுங்கும். இது என்ன, நாலாபக்கமும் திரும்புமா? பாக்க ஜோராத்தான் இருக்கு. ஆனா உள்ள இருக்கற பல்லு தேஞ்சுதுன்னா தானா தலை தொங்கிடும். அதுக்கு நானே போதும், அறுபத்தாறு முடிஞ்சிருச்சு. அந்த ஸ்டீல் குழாயக் குடு. ம். இது நல்லாருக்கு. விளிம்புல ஓட்டை போட்டு உள்ள இறக்கறது, உள்ளுக்குள்ள ரப்பரு, தூண்டில் கம்புல கீறல் விழாது. அடியில தொறந்திருக்கா? தொறந்திருக்கணும், இல்லேன்னா தண்ணி நின்னு நாறிப்போகும். இதுலயே ரெண்டு எடுத்து வை.

ரெண்டுதான். வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. விளிம்புக்கு அடியில கையவிட்டுத் தடவிப் பாத்தியா? கட்டை எதுவும் குறுக்க ஓடலையே? குழாயோட நீளத்துக்கு எடம் இருக்கான்னு பாக்காம மேலயிருந்து டிரில்ல வச்சா அப்புறம் தலையில கைய வச்சுக்க வேண்டியதுதான். ஒன்ன சொல்லல தம்பி. நீ நாலு படகு பாத்த பிட்டரு, ஒனக்குத் தெரியாதா. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது, அவ்ளோதான். நான் ஸ்கூல் பஸ் ஓட்டினவன். முப்பத்தோரு வருசம் பின்னாடி அறுபது புள்ளைங்க கத்திக்கிட்டே வரும். இப்ப வீட்ல ஃபேன் சத்தம் மட்டும்தான். வீட்டுக்காரி ஒன்றரை வருசமா பொண்ணு ஊர்ல இருக்கா, பேரனப் பாத்துக்கறதுக்கு. சாயங்காலம் பத்து நிமிசம் போன்ல பேசுவா. அதுல ஏழு நிமிசம் பேரன் பேசறான், அவனுக்கு இன்னும் பேச்சே வரல. மிச்சம் மூணு நிமிசத்துல அடுப்ப அணைச்சீங்களான்னு கேட்டுட்டு வச்சுடுவா. ஒரே ஒரு தம்ளரக் கழுவிக் கவுத்து வைக்கிற வீடு எப்படி இருக்கும்னு ஒனக்கு சொன்னாப் புரியாது. புரியவும் வேணாம்.

ரெண்டு பேரா வருவீங்களான்னா கேக்கற? ரெண்டு பேருதான். ஆனா சேர்ந்து வர மாட்டோம்.

படகு எனக்கும் எங்க அண்ணனுக்கும் சொந்தம், ஆளுக்குப் பாதி. ஒன்றரை வயசுதான் மூத்தவன். லேத்துப் பட்டறையில டர்னரா இருந்தான், ரெண்டு பேரும் ஒரே வருசம் ரிட்டயர் ஆனோம். வேலைக்குப் போயிட்டிருந்த காலத்துல பாத்துக்கறதே அபூர்வம். அப்புறம் இந்தப் படகு வாங்கினோம் பாரு, தெனம் வருவோம். ஒருத்தன் துடுப்பு போட்டா ஒருத்தன் தூண்டில் போடுவான். இதோ, வலது பக்கக் கம்பியில மாட்டியிருக்கு பாரு, திருகி இறுக்கற கிளாம்பு வச்ச பழைய ஹோல்டரு, இது அவன் கடைஞ்சது. குழாய், திருகு எல்லாமே அவன் கைவேலை. கடையில வாங்கினது கிட்டயே நிக்காது. நல்லாருக்குல்ல? நீயும் தொழில் தெரிஞ்சவன், பாத்தாலே தெரியும்.

இதே மாதிரி கிளாம்பு இன்னொண்ணு வாங்கிப் போட்டா ஓட்டையே போட வேணாமேன்னு கேக்கற. கேப்ப. நான் ஒன் எடத்துல இருந்தா நானும் கேப்பேன். கொஞ்சம் பொறு.

அவன் இடதுகைக்காரன். எழுதறது, சாப்பிடறது, அடிக்கறது எல்லாம் இடதுதான். சின்ன வயசுல அந்தக் கையால நான் வாங்காத அடி இல்ல. அதனால அவன் தூண்டில் போட்டா கிளாம்பு இடது பக்கக் கம்பிக்குப் போகும். நான் போட்டா வலது பக்கம் வரும். அதுக்கு ஒரு சண்டையும் வந்ததில்ல. சண்டை வந்தது வேற விசயத்துல.

ஆறு வருசம் ஆச்சு. நான் புதுசா ஒரு கம்பு வாங்கியிருந்தேன், ரீலோட. மொத மொதல்ல தண்ணியில எறக்கின நாளு. கம்ப ஹோல்டர்ல நிக்க வச்சுட்டு, கொஞ்சம் பாத்துக்கடா அண்ணேன்னுட்டு பிளாஸ்க்கைத் தொறந்து டீ ஊத்திக்கிட்டிருந்தேன். அவன் எங்கயோ பாத்துக்கிட்டிருந்தான். அந்த சமயத்துல அவனுக்கு நெனப்பு ஒரு எடத்துல நிக்காது. அண்ணி பொண்ணக் கூட்டிக்கிட்டு தனியாப் போயி அப்பதான் மூணு மாசம். ஒரே இழுப்பு தம்பி. ஏதோ பெரிய மீனு. கம்பு அப்படியே குழாயவிட்டு உருவிக்கிட்டுப் போயி, தண்ணியில ஒரு சுழி சுழிச்சுது, அவ்ளோதான். கம்பையும் படகையும் சேத்து ஒரு கயிறு கட்டறது வழக்கம். அன்னிக்குக் கட்டல. கட்ட வேண்டியது அவன்தான்னு நான் கத்தினேன். உண்மையச் சொல்லணும்னா, யாரு கட்ட வேண்டியதுன்னு இப்ப எனக்கே ஞாபகம் இல்ல.

அதோட விட்டிருக்கலாம். கம்புதான போச்சு. என் நாக்குல சனி உக்காந்துக்கிட்டான். ஒன் கையில எதுதான்டா நின்னுச்சுன்னு கேட்டுட்டேன்.

கம்பைப் பத்தித்தான் ஆரம்பிச்சேன். சொல்லி முடிக்கறப்ப அது கம்பைப் பத்தி இல்லன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. அவன் துடுப்ப எடுத்தான், கரைக்குக் கொண்டாந்து கட்டினான், எறங்கிப் போயிட்டான். நெல்லக் கொட்டினா அள்ளிடலாம், சொல்லக் கொட்டினா அள்ள முடியுமான்னு சும்மாவா சொன்னாங்க. மறுநாள் போயி மன்னிப்புக் கேக்கலாம்னுதான் இருந்தேன். கம்பு போன கோவமும் இருந்துச்சு, நாளைக்குப் போவோம்னு தள்ளினேன். நாளைக்கு நாளைக்குன்னே ஆறு வருசம் ஓடிப்போச்சு.

படகை விக்க ரெண்டு பேருக்கும் மனசு வரல. எங்க வீட்டுக்காரிதான் நடுவுல நின்னு நாளப் பிரிச்சுக் குடுத்தா. திங்கள், செவ்வாய், புதன் எனக்கு. வியாழன், வெள்ளி, சனி அவனுக்கு. ஏழ ரெண்டால வகுத்தா ஒண்ணு மிஞ்சுமே, அதான் ஞாயித்துக்கிழமை. யாருக்கும் கிடையாது. இப்பப் புரியுதா ஒன்ன ஏன் இன்னிக்கு வரச் சொன்னேன்னு? இந்தக் கரை கேட்டுப் பூட்டுக்கு ஆளுக்கொரு சாவி. இங்க காவலுக்கெல்லாம் ஆள் கிடையாது.

அதுலயும் வீம்பப் பாரு. வந்துபோன தடமே தெரியக் கூடாதுன்னு நான் கழுவித் தொடச்சு வச்சுட்டுப் போவேன். அவன் எனக்கு மேல. பலகை அடியில கூட ஒரு செதில் கிடக்காது. கயிறு முடிச்சும் ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் போடுவோம், ஒண்ணாக் கத்துக்கிட்டது. வேற எவனாச்சும் வந்து பாத்தா இந்தப் படகை ஒரே ஆளுதான் வச்சிருக்கான்னு நெனப்பான்.

இந்தக் கிளாம்பு ஒண்ணுதான் மாறும். திங்கக்கிழமை காலையில வந்து பாப்பேன், இடது பக்கம் இருக்கும். சரி, அண்ணன் வந்துட்டுப் போயிருக்கான். நான் வலது பக்கம் மாத்திக்குவேன். வியாழக்கிழமை அவன் வந்து பாப்பான், வலது பக்கம் இருக்கும். சரி, தம்பி வந்திருக்கான். அவன் இடது பக்கம் மாத்திக்குவான். ஆறு வருசமா எங்களுக்குள்ள பேச்சுவார்த்த இவ்ளோதான். சிரிக்காத. வாரத்துக்கு ஒருவாட்டி ஒருத்தன் நல்லாருக்கான்னு தெரிஞ்சா போதாதா? வீட்டுக்காரி போன்ல பேசறதும் கிட்டத்தட்ட அவ்ளோதான்.

குறி போட்டாச்சா? இடது பக்கமும் போட்டுட்டியா? கொஞ்சம் வெளிப்பக்கமா சாய்ச்சுப் போடு, நேரா நின்னா நூலு படகுல உரசும். சாய்வு முப்பது டிகிரின்னு வச்சுக்குவோம். என்னுதுக்கு முப்பது. அவனுக்கு எத்தனைன்னு தெரியல. இடதுகைக்காரன் கம்ப உருவற வாகு வேற மாதிரி இருக்கும்ல?

தம்பி, அஞ்சு வாரமா இந்தக் கிளாம்பு வலது பக்கமே இருக்கு.

நான் புதன்கிழமை விட்டுட்டுப் போன எடத்துலயே இருக்கு. மொத வாரம் பாத்தப்ப, காய்ச்சலா இருக்கும்னு நெனச்சேன். ரெண்டாவது வாரம், பொண்ணப் பாக்கப் போயிருப்பான்னு சொல்லிக்கிட்டேன். அந்தப் பொண்ணு அவன்கிட்ட பேசறதே இல்ல, எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லிக்கிட்டேன். மூணாவது வாரம் வெள்ளிக்கிழமை காலையில அவன் தெரு வழியாப் போற பஸ்ல ஏறி உக்காந்தேன். வீட்டு ஜன்னல் சாத்தியிருந்துச்சு. கதவுல பூட்டா, உள்தாப்பாளான்னு தெரியறதுக்குள்ள பஸ் கடந்துருச்சு. அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வந்திருக்கலாம். முப்பத்தோரு வருசம் பஸ் ஓட்டினவன், கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டு அதே பஸ்ல திரும்பி வந்தேன்.

வியாழக்கிழமை இங்கயே வந்து பாக்கறதுக்கென்னன்னு கேக்கறியா? வந்து, அவன் இருந்தான்னு வை, உளவு பாக்க வந்தியாம்பான். இல்லேன்னு வை. அன்னிக்கு நாள் பூரா இந்தக் கரையில ஒக்காந்து, அவன் வரலன்னு நானே கண்ணால பாத்துட்டு வீட்டுக்குப் போகணும். அதுக்கு எனக்கு தைரியம் இல்ல தம்பி.

வீட்டுக்காரி கேக்க மாட்டா. முன்ன ரெண்டு தடவ சமாதானம் பேசப் போயி ரெண்டு பேருகிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டா. தானாடாட்டியும் தன் சதை ஆடும், ஒருநாள் நீங்களே பேசிக்குவீங்க, இனிமே என்ன இழுக்காதீங்கன்னுட்டா. இந்த அஞ்சு வாரம் நான் ஒழுங்காத் தூண்டில் கூடப் போடல. வருவேன், இந்தப் பலகையில ஒக்காருவேன், அந்தக் கிளாம்பையே பாத்துக்கிட்டிருப்பேன். மாத்தவும் வேண்டியதில்ல, என் பக்கம்தான இருக்கு. தொடவே இல்ல.

சரி, நெசத்தச் சொல்லிடறேன். எனக்கு ஹோல்டரு ஒண்ணும் வேணாம். வந்த கூலிய வாங்கிக்க, அதுல கொறையில்ல, வேணும்னா ரெண்டையும் போட்டுட்டே போ. எனக்கு வேண்டியது வேற. கூட்டுப் படகு பாரு. விளிம்புல ஒருவாட்டி ஓட்டை போட்டா போட்டதுதான், மூட முடியாது. இன்னொரு முதலாளியக் கேக்காம போடலாமா? நீயே சொல்லு, தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்குல்ல? அதனால நீ அவனுக்கு ஒரு போன் பண்ணணும். இந்தக் கிளாம்பே இன்னொண்ணு போட்டா எவனையும் கேக்க வேண்டியதில்லையே, அதான் ஓட்டை போடற சாமானாக் கேட்டேன்.

நம்பர் இருக்கு. நான் பண்ணா எடுக்க மாட்டான். எடுத்தாலும் எனக்கு வாய் வராது. நீ பிட்டரு, வேலையாப் பண்ற, ஒனக்கென்ன. படகுக்கு ஹோல்டர் போட வந்திருக்கேன், ஒங்களுக்கும் பங்கு இருக்குன்னாங்க, ஓட்டை போட சம்மதமா, இடது பக்கம் எத்தன டிகிரி வைக்கட்டும்னு கேளு. அவ்ளோதான். நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லிடாத. ஹலோன்னு சொல்றது அவன் குரல்தானான்னு தெரிஞ்சா எனக்குப் போதும்.

வேற யாராச்சும் எடுத்தாங்கன்னா?

எடுத்தாங்கன்னா, விசாரிச்சுட்டு வச்சுடு. என்கிட்ட ஒடனே சொல்லாத. சாமானெல்லாம் பெட்டியில வச்சு மூடிட்டு, அப்புறமா மெதுவாச் சொல்லு.

இந்தா, சட்டப் பையில எழுதி வச்சிருக்கேன். கண்ணாடி இல்லாமலே சொல்லுவேன், இருந்தாலும் இதப் பாத்து அடி, தப்பாப் போயிடக் கூடாது. போகுதா ரிங்கு? எத்தன? நாலா? அவன் எழுந்து வரணும்ல, கொஞ்சம் விடு. அடிக்கட்டும்.

எடுத்துட்டானா? ஆம்பளக் குரலா? யாருய்யா அதுன்னானா? அவன்தான். தம்பி, அவனேதான். அவன் ஹலோன்னே சொன்னது கிடையாது, மறந்தே போயிட்டேன். சரி சரி, நீ பேசு. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன், ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி. பேசு.

என்னங்கறான்? கையால மூடிக்கிட்டு சொல்லு.

இடது பக்கம் வேணாமா? அவனுக்கு வேணாம்ங்கறானா? தம்பிக்கு மட்டும் வலது பக்கம் நல்லாப் போட்டுக் குடுங்கங்கறானா. ஏன், இனிமே வர மாட்டானாமா? ஒடம்புக்கு முடியலையா? கேளு, நீயா கேக்கற மாதிரி கேளு.

வரானா? வாராவாரமா? நேத்து வந்தானா, நேத்தா?

பொய் சொல்றான் தம்பி. நேத்து வந்திருந்தா இந்தக் கிளாம்பு இடது பக்கமில்ல இருக்கணும்? இங்க பாரு, என் பக்கம்தான இருக்கு. அதக் கேளு. கிளாம்பு வலது பக்கமா இருக்கே, நீங்க இடதுகைக்காரராமேன்னு கேளு.

சொல்லு. முழுசாச் சொல்லு.

போறப்ப அவனே மாத்தி வச்சுட்டுப் போறானா. அவன் வேலை முடிஞ்சதும் கழட்டி, வலது பக்கம் மாட்டிட்டு. அஞ்சு வாரமா. நான் வந்தா மாத்த வேண்டியதில்லாம.

எதுக்காம்? திருகுல என்ன இருந்துச்சாம்? குறடுத் தடமா?

ஆமா. அது நான்தான். மணிக்கட்டுல வீக்கம் எனக்கு, ரெண்டு மாசமா. அவன் இறுக்கினா இறுக்கினதுதான், டர்னர் கை. வெறும் கையால தொறக்க வரல, குறடு போட்டுத் திருகினேன். அந்தப் பல்லுத் தடத்தப் பாத்திருக்கான். தான் கடைஞ்ச திருகாச்சே, ஒரு கீறல் விழுந்தாலும் கண்ணுல படும். தம்பிக்குக் கை முடியல போலிருக்கு, அவனுக்கு எதுக்கு சிரமம்னு… அப்படியா சொன்னான்? தம்பின்னா சொன்னான்?

நேத்து இதே பலகையில ஒக்காந்திருக்கான். நான் பஸ்ல போன வெள்ளிக்கிழமையும் இங்கதான் இருந்திருப்பான், ஜன்னல் சாத்தாம என்ன செய்வான். நான் அவன என்னென்னவோ ஆக்கி, மனசுக்குள்ள எல்லாக் காரியமும் முடிச்சு…

என்ன, இன்னும் லைன்லதான் இருக்கானா? என்ன கேக்கறான்? என் கையி எப்படி இருக்குன்னா? ஒன்கிட்டயா கேக்கறான்? நீ என்ன சொல்லப் போற, ஒனக்கு என்ன தெரியும். ஒண்ணும் சொல்லாத. இரு. குடு, போன இங்க குடு.

அண்ணே. நான்தான். கை பரவால்லண்ணே. அஞ்சு வாரமா பரவால்ல.